அவசரத் தத்து

வக்கீல் நாற்காலியில் உட்காருவதற்குள் அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

“சார், ஒரு பிள்ளையை உடனே தத்தெடுக்கணும்.”

“சட்டம் அவ்வளவு சுலபமா விடாதும்மா. வயசு வித்தியாசம் போதுமான அளவு இருக்கா?”

“தாராளமா இருக்கு.”

“பிள்ளைக்குச் சம்மதமா?”

“என்னை அம்மான்னுதான் கூப்பிடும். நான் என்ன சமைச்சாலும் தட்டை வழிச்சுச் சாப்பிடும்.”

வக்கீல் நெகிழ்ந்துபோனார். “வீட்டுல வேற பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு. அவளுக்கு இந்தப் பிள்ளையைக் கண்டாலே ஆகாது. வீட்டை விட்டே துரத்தணும்னு நிக்கிறா.”

“தத்தெடுத்துட்டா சட்டப்படி ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்க மாதிரி. துரத்தவே முடியாது.”

“அது போதும் சார்! தீர்ப்பு வர்றதுக்குள்ள முடிச்சுக் கொடுங்க.”

“என்ன தீர்ப்பு?”

“இவங்க விவாகரத்து வழக்குதான். அவளுக்குப் புருஷன் வேண்டாமாம். அதுக்காக நான் மாப்பிள்ளையை விட்டுட முடியுமா?”