சூடு ஆறுவதற்குள்

அன்பரே, ஒரு கலைஞனின் உள்ளத்தை அலுவலகம் கசக்கிப் பிழிவதை நீங்கள் கண்டதுண்டா?

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய அவரை எல்லோரும் ‘கவிஞர்’ என்றே அழைத்தார்கள். வயிற்றுக்கு வேலை, உயிருக்குக் கவிதை என்பது அவர் கொள்கை. மேலாளர் அம்மையாருக்கு அவர் சூட்டியிருந்த பெயர் ‘இரும்புப் பெட்டி’.

அன்று காலை ஒரு பெண் தொலைபேசியில் அவரிடம் கதறினாள். கணவனுக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும்; காப்பீட்டு ஒப்புதல் வந்தால்தான் மருத்துவமனையில் கத்தியைத் தொடுவார்களாம்.

கவிஞர் பதறிப்போனார். போனை வைத்த கையோடு பேனாவை எடுத்தார்.

“என்ன சார், முகமே சரியில்லையே?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

“பேசாதீங்க. அந்தம்மா அழுகை இன்னும் காதுல இருக்கு. சூடு ஆறிட்டா வரி வராது.”

மேலாளர் எட்டிப் பார்த்தார். “மறுபடியும் கவிதையா? முதல்ல வேலையைப் பாருங்க, சார்.”

அவர் தலை மறைந்ததும் கவிஞர் உதட்டைச் சுழித்தார். “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!”

மதிய இடைவேளையில் கவிதை அரங்கேறியது. ஏழையின் உயிரைக் கோப்புக்குள் பூட்டி வைக்கும் கல்நெஞ்சங்களை அது கிழிகிழியென்று கிழித்தது. கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

“அடேயப்பா! உங்களைப் போய் இங்க உட்கார வச்சிருக்காங்களே!”

“தலையெழுத்து!” கவிஞர் கண்களைத் துடைத்துக்கொண்டார். “உடம்பைத்தான் இந்த ஆபீசுக்கு வித்திருக்கேன். மனசை விக்கலே.”

மேலாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“சார், அந்த ஆபரேஷன் கேஸ் என்ன ஆச்சு? அந்தம்மா எனக்குப் போன் பண்ணி அழறாங்க.”

கவிஞர் சிலிர்த்தெழுந்தார். இத்தனை பேர் முன்னிலையில் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் வாய்ப்பு எத்தனை கவிஞர்களுக்குக் கிடைக்கும்?

“அழுகை இப்பத்தான் உங்க காதுல விழுதா, மேடம்? இனிமேலாவது மனசு இளகி ஒப்புதல் கொடுங்க!”

“நானா? காலையில வந்ததுமே கொடுத்துட்டேனே! ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது நீங்க. உங்க பாஸ்வேர்டு போட்டாத்தானே போகும்? கவிதையை அப்புறம் கேக்கறேன். எழுந்திருங்க சார், இப்பவே அனுப்புங்க!”