டிராகனிடம் கெஞ்சிய படகு

கேளிக்கைப் பூங்காவின் கார்ட்டூன் குகைக்குள் சுற்றிவரும் நீலப் படகில் அன்று ஒரு பிள்ளை அம்மாவோடு ஏறியது. இத்தனை சின்னப் பிள்ளை இதுவரை அதன் மடியில் உட்கார்ந்ததே இல்லை. டிராகன் நிற்கும் வளைவுக்கு முன்னாலேயே படகு கெஞ்ச ஆரம்பித்தது.

"டிராகன் அண்ணே, இந்த ஒரு சுற்று மட்டும் உறுமாம இருங்களேன். பிள்ளை பயந்துடும்."

"அடி அசடே! நானா உறுமறேன்? தண்ணிக்கடியில இருக்கிற கட்டையை நீ வந்து இடிக்கிற. உடனே என் வாய் திறந்துடுது."

படகுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நாளும் எல்லாரையும் பயமுறுத்தியது நானா? நிற்கப் பார்த்தது, தண்ணீர் விடவில்லை. நடுங்கிக்கொண்டே போய்க் கட்டையை இடித்தது. டிராகன் உறுமியது.

பிள்ளை அம்மாவின் கையை விட்டுவிட்டு, படகின் விளிம்பைத் தடவிக்கொடுத்தது.

"ஏன் இப்படி ஆடற? பயப்படாத, அது பொம்மை. நான் இருக்கேன்ல?"