கூரை விளிம்பில் ஒருத்தி

கூரை பழசானதால்தான் பெயர்ந்தது, புயலால் அல்ல என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மறுபடி வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கப் படங்கள் வேண்டும். அதற்காகத்தான் அவள் கூரை விளிம்பில் மண்டியிட்டு, செல்போனை நீட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே கணவன் ஏணியைப் பிடித்திருக்கிறான். மேற்கே வானம் கருத்துவிட்டது. "போதும், இறங்கி வா! காத்து வலுக்குது." "இருங்க, ஆணியெல்லாம் எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க. காத்து பிடுங்காம இப்படி வளையுமா?" சொல்லி முடிப்பதற்குள், ஓட்டையை மூடியிருந்த தார்ப்பாய் படபடவென்று எழும்புகிறது. இடைவெளியில், கீழே கட்டிலில் போர்வையை இறுகப் பிடித்தபடி மகள் அண்ணாந்து பார்க்கிறாள். "அம்மா, மறுபடியும் பிச்சுக்கிட்டுப் போயிடுமா?" அவள் செல்போனை ரவிக்கைக்குள் செருகிவிட்டு, தார்ப்பாயின் மேல் கைகால்களை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்கிறாள்.