தனித்தனி ட்ராக்

“குரல் ஏன் இப்படிக் கம்மிப் போயிருக்கு? சாதகம் பண்றதையே விட்டுட்டாளா?”

ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டார் பாடகர். காதில் தங்கையின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் மைக்கில் பதில் சொன்னார்.

“அவங்க போன மாசம் பாடினது சார். உங்க வரிகளை நீங்க பாடிட்டா ரெண்டையும் சேர்த்துடலாம்.”

“அந்தக் கரகரப்பை எடுத்துடுங்க தம்பி. இப்பதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் செய்யறீங்களே.”

“இருக்கட்டும் சார்.”

அப்பா மெட்டுப் போட்ட பாட்டு. சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் ஒரே மைக் முன்னால் நின்று பாடியது. அப்போதெல்லாம் ஒருத்தர் தப்பினாலும் இரண்டு பேரும் முதலிலிருந்து பாட வேண்டும். வீட்டில் எவ்வளவு அடித்துக்கொண்டு வந்தாலும் மைக் முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றே ஆக வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. பதினைந்து வருடமாக முகம் பார்க்காதவர்கள்கூட ஜோராகச் சேர்ந்து பாடலாம்.

“எவனோ ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போனா. கல்யாணத்துக்கு நான் போகலை. அவன் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது” என்றார் பாடகர்.

இன்ஜினியர் தலையை நிமிர்த்தவில்லை. “போலாமா சார்?”

மூன்று தடவை எடுத்தார்கள். தங்கையின் குரல் வந்து சேரும் வரியில் மூன்று தடவையும் பாடகர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். நான்காவது தடவை எப்படியோ பாடி முடித்துவிட்டு, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“கரகரத்தாலும் சுருதி ஒரு இடத்துலகூட விலகலை. கழுதை, அப்படியேதான் இருக்கா.”

இன்ஜினியர் ரெக்கார்டிங்கை நிறுத்தினார்.

“தம்பி, இன்னிக்கு அவளும் வருவான்னு நினைச்சுத்தான் நாலு மணி நேரம் பஸ்ல வந்தேன். என் வீம்பெல்லாம் எப்பவோ போச்சு. முதல்ல யார் பேசறதுன்னுதான் இத்தனை வருஷம் ஓடிடுச்சு. அவ நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல, போடுங்க. ‘அண்ணா’ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா போதும். இப்பவே போய் அவ வாசல்ல நிப்பேன்.”

இன்ஜினியர் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். போனை எடுக்கவில்லை.

“இதைப் பாடின மறுநாள் காலையில அவளுக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துட்டாங்க” என்றார். “நீங்க வந்ததுலேருந்து பக்கத்து ரூம்ல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. அவளால இனி கூப்பிட முடியாது. நீங்கதான் போய்க் கூப்பிடணும், மச்சான்.”