சார்ஜ் இல்லக்கா

"நீ தூக்க வேணாம். தள்ளிப் போ."

பாடைக்குத் தோள் கொடுக்க வந்த ரகுநாத்திடம், செவந்தி எல்லார் முன்னாலும் அப்படித்தான் சொன்னாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அந்த வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

ரகுநாத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினான். சுடுகாடு வரைக்கும் கூட்டத்துக்குக் கடைசியில் நடந்தான்.

யாரும் செவந்தியைக் குறை சொல்லவில்லை. கீரமங்கலத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிற அந்தத் தெருவில் கார் வைத்திருப்பவன் அவன் ஒருத்தன்தான். கரண்டில் ஓடுகிற கார். பக்கத்து வீடு வேறு.

செவந்தியின் புருஷன் ராசு இருபது வருஷம் கல் கிரஷரில் வேலை பார்த்தவர். தின்ற சோற்றைவிடத் தின்ற தூசிதான் அதிகம். நுரையீரல் போய், புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். கடைசியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகலா ஓடணும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு டிரஸ்ட்டில் மெஷினை இரவலாகக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராசுவையும் மெஷினையும் காரில் ஏற்றிவந்து, கட்டில்வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டவன் இதே ரகுநாத்தான்.

அதுக்கப்புறம் அவனுக்கு என்ன வந்ததோ, காரைத் தொடவே இல்லை. தினமும் காரில் ஆபீஸ் போனவன், அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, டிபன் பையோடு ஏழேகால் பஸ்ஸுக்கு நடந்தான்.

"அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டுருவியோன்னு பயம்" என்றாள் எதிர்வீட்டு முத்துமாரியம்மாள். செவந்தி அப்போது அதை நம்பவில்லை.

ராசு வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராசுவுக்கு மூச்சு இழுத்தது. உதடு கறுத்தது. ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். செவந்தி ரகுநாத் வாசலுக்கு ஓடினாள்.

"தம்பி, காரை எடு. அவருக்கு மூச்சு முட்டுது."

ரகுநாத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"கார்ல சார்ஜ் இல்லக்கா."

"என்ன தம்பி சொல்ற?"

"சுத்தமா இல்லக்கா. அன்னைக்கு உங்களக் கூட்டியாந்ததோட சரி, அப்பறம் சார்ஜே போடல. நான் போயி ஆட்டோ கூட்டியாரேன்."

செருப்புகூடப் போடாமல் ஓடி, எதிர்வீட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தான். அவன் ஆட்டோவோடு திரும்பி வந்தபோது, செவந்தியின் மடியில் ராசுவின் கை சில்லிட்டுப் போயிருந்தது.

வீட்டில் பிளக் இருக்கிறது. கரண்ட் இருக்கிறது. பன்னிரண்டு நாளாகச் சார்ஜ் போடாமல் ஒருத்தன் காரை வைத்திருப்பானா? சாகக் கிடக்கிறவரை ஏற்ற மனசில்லாமல் சொன்ன பொய். தெரு முழுக்க அப்படித்தான் பேசியது. செவந்தியும் அப்படித்தான் நம்பினாள். நம்ப நம்ப வயிறு எரிந்தது.

பால் தெளித்த மறுநாள் சாயங்காலம், ரகுநாத் தார்ப்பாயை விலக்கி, வீட்டிலிருந்து வயரை இழுத்துக் காரில் சொருகினான். காரில் பச்சை விளக்கு மினுக்கியது.

"மனுசன் போயிச் சேந்ததும் இவனுக்குக் கரண்ட் வந்துருச்சு பாரு" என்று அவன் காதில் விழும்படியே செவந்தி சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் டிரஸ்ட்டிலிருந்து எழிலரசன் மெஷினை எடுத்துப்போக வந்தான்.

"ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கிறேங்கக்கா. அறந்தாங்கிப் பக்கம் ஒரு அம்மா இதுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

சுவிட்சைப் போட்டான். மெஷின் உறுமியது, திணறியது, கீ கீ என்று கத்தியது. அணைத்தான்.

செவந்தி கிட்டே வந்தாள். "கெட்டுப்போச்சா தம்பி? இதனாலதான் அவரு..."

"மெஷின்ல ஒண்ணுமில்லக்கா. வோல்டேஜ் பத்தல. நீங்க கரண்ட் லைனுக்குக் கடைசியில இருக்கீங்க. பக்கத்துல யாரோ பெரிய லோடு இழுக்குறாங்க. ஐயா இருந்தப்ப இப்படிக் கத்துச்சா?"

செவந்தி யோசித்தாள்.

"கொண்டாந்த அன்னைக்குச் சாயங்காலம் ஒருதரம் கத்துச்சு. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடியாந்து பாத்துச்சு. ஒண்ணும் சொல்லாம ஒடனே திரும்பிப் போச்சு. அதோட சரியாயிருச்சு. அப்பறம் பன்னெண்டு நாளும் ஒருதரம்கூடக்..."

அவள் கண் பக்கத்து வீட்டுக் காரின் பச்சை விளக்குக்குப் போனது. வாய் திறந்தபடியே நின்றது.

"இன்னொரு தடவ பாப்போம்" என்று எழிலரசன் மறுபடி சுவிட்சைப் போட்டான். கீ கீ என்ற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

செவந்தி வாசலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து, செருப்புகூடப் போடாமல், ரகுநாத் ஓடிவந்தான். வந்த வேகத்தில் வயரைப் பிடுங்கினான். காரில் பச்சை விளக்கு அணைந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தவன்போல, கையில் வயரோடு அப்படியே நின்றான்.

உள்ளே, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், மெஷின் சீராக ஓடத் தொடங்கியது.