சிகாகோ மாப்பிள்ளை

“சிகாகோ பட்டணத்தைப் பத்திச் சொல்லுங்க, கேப்போம்.”

பெண் பார்க்க வந்தவனிடம் வாயே திறக்கக் கூடாது என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியும் செண்பகம் கேட்டே விட்டாள். அமெரிக்காவில் படித்தவன் தென்காசியில் எதற்குப் பெண் தேடுகிறான் என்று அவளுக்கு முதலிலிருந்தே சந்தேகம்.

அவன் அசரவில்லை. “1878-ல ஊரே தீயில வெந்துபோச்சு. அப்புறந்தான் இரும்புச் சட்டகம் வச்சுப் பத்து மாடி கட்டுனாங்க. ஏறி இறங்க லிப்டும் வந்துச்சு.”

குற்றாலச் சாரல் பட்டதுபோல் அப்பா முகம் குளிர்ந்தது. “இப்பத் திருப்திதானாட்டி, பி.ஏ.க்காரி?”

“எப்பா, ஊர் எரிஞ்சது 1871-ல. 78-ன்னு காலேஜு நோட்டுல அவசரத்துல தப்பா எழுதுனது நான். காணாமப்போன அந்த நோட்டை இவருக்கு யாரு கொடுத்தா?”

“படிச்ச மாப்பிள்ளைதான் வேணும்னு நீதானட்டி ஒத்தக்கால்ல நின்ன!”

அவளுக்கு வந்திருந்த சுரண்டைப் பள்ளிக்கூட வேலை உத்தரவும் துணிப்பெட்டியும் நேற்றே தோழி வீட்டுக்குப் போய்விட்டன. செண்பகம் வெறுங்கையோடு வாசல் இறங்கினாள்.