காரம் கொஞ்சம் ஜாஸ்தி

"கட்டின புருஷனுக்குத் தன் கையாலேயே விஷம் கலக்கிற பொம்பளையை இப்பத்தான் பார்க்கிறேன்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தமிழரசி ஆரம்பித்துவிட்டாள். தம்பிக்குப் பிடிக்குமே என்று மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு, தின்கன்ஜூனிலிருந்து பஸ் மாறித் தாகேதாவுக்கு வந்தால், வீட்டுக்குள் இந்தக் காட்சி.

தம்பி மனைவி சாந்தகுமாரி கையுறை மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெரிய பாட்டில் நிறைய, மின்சிகரெட்டில் ஊற்றும் வேப் திரவம். கடையில் அதை நிகோடின் சேர்க்காமல், கழுத்தருகே கொஞ்சம் இடம் விட்டு விற்பார்கள். நிகோடின் தனியாகச் சின்ன பாட்டிலில் வரும். வீட்டில் கலந்துகொண்டால் மலிவு.

சாந்தா சின்ன பாட்டிலைக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூடியை இறுக்கிக் குலுக்கினாள். பாயசத்துக்கு ஏலக்காய் போடுகிறவள் முகத்தில்கூட அவ்வளவு அக்கறை இருக்காது.

"ஏன்டா முரளி, இந்தக் கண்றாவியை அவதான் செய்யணுமா?"

"எனக்குக் கண் சரியில்லைக்கா. பாட்டில்ல இருக்கிற கோடே தெரியமாட்டேங்குது. அளவு கூடினா தலை சுத்திடும். இவ கை தப்பாது" என்றான் முரளிதரன். வேப் கருவியில் ஊற்றி ஒரு இழுப்பு இழுத்தான். லேசாக இருமினான். "இன்னைக்குக் காரம் கொஞ்சம் ஜாஸ்தி, சாந்தா."

"அடுத்த தடவை குறைச்சுக்கிறேங்க."

சுருட்டுப் பிடித்தே இருமி இருமிச் செத்த அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் தமிழரசி. தம்பிக்கும் அதே நுரையீரல்தான், விடாவிட்டால் அதே கதிதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவனும் கோயிலில் எத்தனையோ தடவை கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டான். ஒரு சத்தியமாவது அடுத்த வெள்ளிக்கிழமை வரை தாங்கியிருக்கிறதா?

"குளிச்சிட்டு வர்றேன்க்கா. சாப்பிட்டதும் என் டாக்ஸியிலயே உன்னைக் கொண்டுபோய் விட்டுடறேன்" என்று முரளி உள்ளே போனான்.

குளியலறைக் கதவு சாத்தியதுதான் தாமதம்.

"எடு அந்த விஷத்தை. எங்கெங்க வச்சிருக்கியோ எல்லாத்தையும் எடு. சாக்கடையில கொட்டிட்டுத்தான் மறுவேலை. முடியாதுன்னா சொல்லிடு, இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சாந்தா, உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து திறந்தாள்.

டப்பா நிறையச் சின்ன பாட்டில்கள். ஒன்றின் சீல்கூட உடைக்கப்படவில்லை.

"கொஞ்ச நாளா அவர் வாங்கிட்டு வந்த நிகோடின், அண்ணி. எல்லாம் இங்கதான் இருக்கு."

"அப்போ இப்ப நீ ஊத்தினது?"

"பெரிய பாட்டில்ல இருக்கிறதையே கொஞ்சம் எடுத்து, காலியான சின்ன பாட்டில் ஒண்ணுல நிரப்பி வச்சுக்குவேன். அதைத்தான் அவர் கண் முன்னால திருப்பி ஊத்துறேன்."

"அவனுக்குத் தெரியலையா?"

"ஒரேயடியா நிறுத்தலை அண்ணி. முதல்ல ரெண்டு சொட்டு குறைப்பேன். எரிஞ்சு விழுவார், தட்டைத் தள்ளிவிடுவார். மறுநாள் ஒரு சொட்டு கூட்டுவேன். அப்படியே இறக்கி இறக்கி, தின்ஜான் தண்ணித் திருவிழாவுக்கு அப்புறம் சுத்தமா இல்லை. இப்ப அதுல இருக்கிறது மாம்பழ வாசனை மட்டும்தான்."

தமிழரசி ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டரால் ஆகவில்லை, சாமியால் ஆகவில்லை. வாயைத் திறக்காத இந்தப் பெண் திட்டெல்லாம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே சாதித்திருக்கிறாள்.

"நிகோடினே இல்லைன்னா கையுறை எதுக்கு?"

"அவர் பார்த்துக்கிட்டு இருக்காரே அண்ணி."

கையுறையோடு அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் தமிழரசி.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மறுபடி கடை வாசல்ல போய் நிப்பார்" என்றாள் சாந்தா.

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள் தமிழரசி.

சாப்பாடு முடிந்து, முரளி ஓட்டிய டாக்ஸி பாலம் ஏறியது. நெரிசலில் வண்டி நின்றபோது, போனில் வந்த பொடி எழுத்துச் செய்தியைப் படித்து முரளி முணுமுணுத்தான். "அந்தப் பக்கம் ரோடு அடைச்சிருக்கானாம். சுத்தித்தான் போகணும்."

தமிழரசிக்கு அந்த எழுத்து எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது.

"பாட்டில் கோடு தெரியாதுன்னியேடா?"

அவன் சிரித்தான். "டப்பாவைக் காட்டிட்டாளா?"

அவள் திகைத்துப் போனாள். "உனக்குத் தெரியுமா?"

"இத்தனை வருஷமா இழுக்கிறவனுக்கு, உள்ள போறது வெறும் வாசனைன்னு தெரியாதாக்கா?"

"காரம் ஜாஸ்தின்னு இருமினியே?"

"இருமலேன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்."

"அப்போ கண் தெரியலைன்னு சொன்னது?"

"அவ கையில கொடுத்தா, என்னைக்காவது ஒரு நாள் ஊத்தாம விட்டுடுவான்னு தெரியும். அதுக்குத்தான் கொடுத்தேன்."

தமிழரசிக்குக் கண் கலங்கியது. "தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்டா. பாவம், பயந்து பயந்து ஊத்துறா."

"சொன்னா பாட்டில் என் கைக்குத் திரும்பி வந்துடும்க்கா" என்றான் முரளி. "என்னை நம்பிப் பண்ணின சத்தியம் ஒண்ணுகூட நிக்கலை. இந்தத் தடவை அவளை நம்பித்தான் விட்டேன்."